கம்ப்யூட்டர் மாறினாலும் கணக்கு மாறக் கூடாது

(மகளிர் தின விழாக் கூட்டத்தில் கூட்டமைப்புக் கணக்காளர் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தப்போ தமிழ் பேசுறதுக்கே ஆள் தேடணும். பக்கத்து வீட்டில் தெலுங்கு, எதிர் வீட்டில் கன்னடம். இப்போ மூணும் கலந்துதான் நாம எல்லாம் பேசுறோம். ஆனா கணக்கு மட்டும் ஒரே மொழிதான். வரவு, செலவு, நிலுவை. அந்தக் கணக்குல போன நவம்பர் மாசம் என்னால ஒரு தப்பு நடந்துச்சு. அதை மலர்ல எழுதணும், மேடையிலயும் சொல்லணும்னு தலைவி அக்கா சொன்னாங்க. "நல்லது செஞ்சதைச் சொல்ல நிறையப் பேர் இருக்காங்க, நீ நடந்ததைச் சொல்லு, மத்தவங்களுக்கு உதவும்"னு சொன்னாங்க. அதனால மறைக்காம சொல்றேன்.

நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர் உங்களுக்குத் தெரியும். பெங்களூர்ல ஒரு கம்பெனியில் கழிச்சுப் போட்டதை செகண்ட்ஸ்ல வாங்கினோம். அதுல விண்டோஸ் 10 இருந்துச்சு. கம்ப்யூட்டரை ஓட வைக்கிற அடிப்படை மென்பொருளுக்குத்தான் அந்தப் பேரு. 2015-ல் வந்த விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட ஆதரவை நிறுத்திட்டாங்க. நிறுத்திட்டாங்கன்னா அன்னைக்கே கம்ப்யூட்டர் நின்னு போயிடாது. ஓடும். ஆனா வைரஸ், திருட்டு வேலை எல்லாம் நுழையாம இருக்க மாசா மாசம் போடுற ஒட்டுப் போட்டுத் தர மாட்டாங்க. கூரையில் ஓடு உடைஞ்சா மாத்த ஆள் இல்லாத வீடு மாதிரி. கூட்டமைப்புப் பணம், உறுப்பினர் பேரு, பேங்க் கணக்கு நம்பர் எல்லாம் அதுல இருக்குது. அதனால விண்டோஸ் 11 போட்டுடலாம்னு தீர்மானம் போட்டோம். எல்லாப் பழைய கம்ப்யூட்டருக்கும் 11 ஏறாது. 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டி.பி.எம் 2.0 என்கிற ஒரு பாதுகாப்பு சிப் இதெல்லாம் வேணும். நம்மது ஏறும்னு சொன்னாங்க.

கம்ப்யூட்டர் கடைக்கு ஆட்டோவில் எடுத்துட்டுப் போனோம். கடைத் தம்பி ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. "அக்கா, அப்படியே மேல போடவா, ஃபார்மட் பண்ணிட்டுப் புதுசாப் போடவா? புதுசாப் போட்டா வேகமா இருக்கும்." நான் வேகமா இருக்கட்டும்னு சொன்னேன். அந்த ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு நான் கேட்கல. அங்கதான் என் முதல் தப்பு.

இப்போ தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன். அப்படியே மேல போட்டா நம்ம ஃபைல், புரோகிராம், எழுத்துரு எல்லாம் பெரும்பாலும் இருந்த இடத்துலயே இருக்கும். பிடிக்கலைன்னா 10 நாளைக்குள்ள பழையதுக்கே திரும்பலாம். ஃபார்மட் பண்ணிட்டுப் போட்டா சி டிரைவ்ல இருக்கிறது மொத்தமும் அழிஞ்சுடும். டெஸ்க்டாப்ல, அதாவது கம்ப்யூட்டரைத் திறந்ததும் முகப்புல நாம போட்டு வைக்கிற ஃபைல் எல்லாம் உண்மையில் இருக்கிறது சி டிரைவ்லதான். அந்தத் தம்பி பொறுப்பானவரு. எல்லாத்தையும் காப்பி பண்ணி டி டிரைவ்ல வச்சுட்டுத்தான் ஃபார்மட் பண்ணியிருக்காரு. "டி-யில இருக்குக்கா"ன்னு சொல்லியும் அனுப்பினாரு. எங்க, எந்தப் பேருல வச்சிருக்கீங்கன்னு நான் திரும்பக் கேட்கல.

ஆபீஸுக்கு வந்து போட்டுப் பார்த்தா எனக்கு வேற யாரு வீட்டுக்கோ வந்த மாதிரி இருந்துச்சு. இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பட்டன் நடுவுல இருக்குது. முகப்பு வெறுமையா இருக்குது. ஒரு ஃபைல் மேல வலது பக்க பட்டனை அழுத்தினா வழக்கமா வர்ற காப்பி, பேஸ்ட், ரீநேம் எழுத்து இல்லை, சின்னச் சின்னப் படமா இருக்குது. எக்செல் ஃபைலுக்கு இருந்த பச்சைப் படம் போய் வெள்ளைத் தாள் மாதிரி இருக்குது. ஃபைல் கெட்டுப் போச்சுன்னு நினைச்சுட்டேன். கெடல. புதுசாப் போட்டதுல எக்செல் புரோகிராம் இல்லை, அவ்வளவுதான். இலவசமாக் கிடைக்கிற லிப்ரே ஆபீஸ் போட்டதும் திறந்துச்சு.

பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிச்சு முடிச்சதும் ஒரு வாரம் கடுகு டப்பா எங்க, தீப்பெட்டி எங்கன்னு தேடுவோமே, அதே நிலைமை. பொருள் எல்லாம் வீட்டுக்குள்ளதான் இருக்கும். கைக்குத்தான் வராது.

முகப்புல ஒண்ணும் இல்லைன்னதும் டி டிரைவைத் திறந்தேன். அங்க "கணக்கு"ன்னு ஒரு ஃபோல்டர். உள்ள "கடன் லிஸ்ட் ஃபைனல்". அப்பாடான்னு மூச்சு வந்துச்சு. நவம்பர் மாசத் தவணை வரவை எல்லாம் அதுலயே ஏத்தினேன். பன்னெண்டு பேரோட தவணை.

நவம்பர் கூட்டம் நடந்துச்சு. சமுதாய முதலீட்டு நிதியில் கடன் வாங்கினவங்க பட்டியலை நான் வாசிச்சேன். அடுத்த வாரம் பேங்குக்குப் போற புதுக் கடன் மனுவோட அந்தப் பட்டியலும் போகணும். ஒரு அக்கா பேரு வந்தப்போ "நிலுவை 6,000, நாலு மாசமாத் தவணை வரல"ன்னு வாசிச்சேன்.

அந்த அக்கா யாருன்னு சொல்ல மாட்டேன். ரோஜாத் தோட்டத்துல விடிகாலை நாலு மணிக்குப் பூப்பறிக்கப் போறவங்க. வீட்டுக்காரர் இல்லை. மாடு வாங்குறதுக்குப் புதுக் கடன் கேட்டிருந்தாங்க. கூட்டத்துல எழுந்து நின்னு, "நான் கட்டிட்டேம்மா, எல்லாம் கட்டிட்டேன்"னு சொன்னாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கம்ப்யூட்டர்ல இல்லையேக்கா." அவ்வளவுதான் சொன்னேன். ஆனா அந்த ஒரு வார்த்தையில கூட்டம் மொத்தமும் அவங்களைத் திரும்பிப் பார்த்துச்சு. யாரோ பின்னாடி இருந்து "கட்டாமயா கம்ப்யூட்டர் பொய் சொல்லும்"னு சொன்னாங்க. அந்த அக்கா ஒண்ணும் பேசாம வெளியே போயிட்டாங்க.

அரை மணி நேரம் கழிச்சுத் திரும்பி வந்தாங்க. கையில பிளாஸ்டிக் கவர். கவருக்குள்ள பாஸ் புத்தகம். ராகி டப்பாவுக்குள்ள வச்சிருந்தாங்களாம், கவர் மேல மாவு ஒட்டியிருந்துச்சு. பிரிச்சுப் பார்த்தேன். 2024 பிப்ரவரியில் வாங்கின கடன் 30,000. மார்ச்சுல இருந்து மாசம் 1,500 அசல். இருபது தவணை. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் நாலும் கட்டியிருக்காங்க. நாலு வரிக்கும் பக்கத்துல கையெழுத்து இருக்குது. அந்தக் கையெழுத்து என்னோடது.

அன்னைக்கு என் முகத்தை எங்க வச்சுக்கிறதுன்னு எனக்குத் தெரியல.

ராத்திரி பிள்ளைகளைத் தூங்க வச்சுட்டு ஆபீஸ் சாவியை வாங்கிட்டுப் போய் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் சிப்காட்ல இரண்டாம் ஷிப்ட் முடிச்சு நேரா அங்க வந்து துணைக்கு உட்கார்ந்தாரு. பாலிடெக்னிக் படிக்கிற என் நாத்தனார் பொண்ணு போன்ல இருந்து வழி சொல்லுச்சு. "அத்தை, ஸ்டார்ட்ல தேடாதீங்க. அது சில இடத்துல மட்டும்தான் தேடும், டி டிரைவ் உள்ள எல்லாம் போய்ப் பார்க்காது. விண்டோஸ் பட்டனையும் இ-யையும் சேர்த்து அழுத்துங்க. இடது பக்கம் திஸ் பிசி-ன்னு இருக்கும், அதுக்குள்ள போங்க. அப்புறம் மேல வலது பக்கம் இருக்கிற தேடுற கட்டத்துல கடன்னு போடுங்க."

போட்டேன். கொஞ்ச நேரம் சுத்திச்சு. ஒண்ணு இல்ல, ஏழு வந்துச்சு. "கடன் லிஸ்ட்", "கடன் லிஸ்ட் ஃபைனல்", "கடன் லிஸ்ட் ஃபைனல் நியூ", "கடன் லிஸ்ட் ஃபைனல் லாஸ்ட்". எல்லாம் நான் வச்ச பேருதான். அதுல "கடன் லிஸ்ட் ஃபைனல்"னு ஒரே பேருல ரெண்டு இருந்துச்சு.

நாத்தனார் பொண்ணு சொன்ன அடுத்த வார்த்தைதான் பெரிய பாடம். "பேரைப் பார்க்காதீங்க அத்தை, தேதியைப் பாருங்க." ஃபைல் பட்டியல்ல டேட் மாடிஃபைட்னு ஒரு வரிசை இருக்குது. ஃபைலைக் கடைசியா எப்போ திருத்தினோம்னு அது காட்டும். நான் திறந்த ஃபைல்ல நவம்பர் தேதி. உள்ள போய்ப் பார்த்தா ஜூனுக்கு அப்புறம் நேரா நவம்பர், நடுவுல ஒண்ணுமே இல்லை. இன்னொண்ணுல அக்டோபர் 31. அது எங்க இருந்துச்சுன்னா, டி டிரைவ், அதுக்குள்ள பேக்கப், அதுக்குள்ள யூசர்ஸ், அதுக்குள்ள அட்மின், அதுக்குள்ள டெஸ்க்டாப். அஞ்சு கதவு தாண்டி உள்அறையில் இருந்துச்சு.

நடந்தது இதுதான். 2025 ஜூன் கடைசியில் பத்திரமா இருக்கட்டும்னு கடன் ஃபைலை நான்தான் டி டிரைவ்ல ஒரு காப்பி எடுத்து வச்சேன். அதுக்கப்புறம் ஜூலையில இருந்து முகப்புல இருந்த ஃபைல்லயே எழுதிட்டு வந்தேன். டி-யில இருந்த காப்பியை மறந்துட்டேன். புதுசு போட்டதும் அந்த ஜூன் மாசக் காப்பியைத்தான் உண்மையான ஃபைல்னு நினைச்சுத் திறந்தேன். கம்ப்யூட்டர் பொய் சொல்லல. ஜூன் மாசத்துல அந்த அக்காவுக்கு நிலுவை 6,000 உண்மைதான். நவம்பர்ல ஜூன் கணக்கை வாசிச்சது நான்.

நவம்பர்ல ஏத்தின பன்னெண்டு தவணையையும் சரியான ஃபைல்ல திரும்ப ஏத்தினேன். சந்தேகத்துக்கு ரொக்கப் பேரேட்டை வச்சு ஜூலையில இருந்து ஒவ்வொரு வரியாச் சரி பார்த்தேன். ரெண்டு ராத்திரி ஆச்சு. மூணாம் நாள் தலைவி அக்கா சிறப்புக் கூட்டம் கூட்டினாங்க. திருத்தின பட்டியலை வாசிச்சு, எல்லார் முன்னாடியும் அந்த அக்காகிட்ட மன்னிப்புக் கேட்டேன். தீர்மானப் புத்தகத்துலயும் எழுதினோம். அவங்க சொன்னது எனக்கு இன்னும் காதுல இருக்குது. "நீ வேணும்னு செய்யலம்மா, தெரியும். ஆனா அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல." கடன் மனு சரியான பட்டியலோட பேங்குக்குப் போச்சு. பொங்கலுக்கு முன்னாடி அவங்க வீட்டுக்கு மாடு வந்துடுச்சு. அந்த ஒரு ராத்திரியை மட்டும் என்னால திருப்பிக் கொடுக்க முடியல.

இதோட முடியல. இன்னும் ரெண்டு விஷயம் சுருக்கமாச் சொல்றேன், உங்களுக்கும் வரும்.

ஒண்ணு, எழுத்து. எனக்கு முன்னாடி கணக்கு எழுதின அக்கா பழைய தீர்மானங்களை வானவில் அவ்வையார் எழுத்துல அடிச்சு வச்சிருந்தாங்க. புதுசு போட்டதும் அந்த எழுத்துரு போயிடுச்சு. திறந்து பார்த்தா தமிழ் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கோடுமா இருக்குது. ஃபைல் கெட்டுப் போச்சுன்னு அழிச்சுடாதீங்க. அந்த எழுத்துருவைத் திரும்ப ஏத்தினா அப்படியே தமிழ் வந்துடும். பழைய முறையில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு கணக்கு. யூனிகோட் முறையில் அடிச்சா எந்தக் கம்ப்யூட்டர்லயும், போன்லயும் தமிழ் தமிழாவே தெரியும். தமிழ்நாடு அரசே 2010-ல் யூனிகோடை ஏத்துக்கிட்டு ஆணை போட்டிருக்குது. இப்போ புதுசா அடிக்கிறது எல்லாம் யூனிகோட்லதான் அடிக்கிறேன். பழையதை ஒவ்வொண்ணா மாத்திட்டு இருக்கேன்.

ரெண்டாவது, ஒன்டிரைவ். மெயில் கணக்குப் போட்டு உள்ளே போனா, நம்ம முகப்பு, டாக்குமெண்ட்ஸ், படங்கள் மூணையும் இன்டர்நெட்ல ஒரு காப்பி வைக்கிற வசதி அது. நல்ல வசதிதான். ஆனா இலவசம் 5 ஜிபி மட்டும். ஆண்டு விழா போட்டோ, வீடியோவை எல்லாம் முகப்புல போட்டதுல அது நிரம்பிடுச்சு. இடம் வேணுமேன்னு கம்ப்யூட்டர்ல இருந்து போட்டோவை அழிச்சேன். இன்டர்நெட்ல ஒரு காப்பி இருக்கும்னு நினைச்சேன். அங்கயும் அழிஞ்சு போச்சு. ஏன்னா அது தனிக் காப்பி இல்லை, ஒரே பொருளுக்கு ரெண்டு வாசல் மாதிரி. நல்லவேளை, அழிச்சது அங்க இருக்கிற குப்பைக் கூடையில 30 நாள் இருக்கும். எடுத்துட்டேன். இன்னொண்ணு, ஃபைல் பக்கத்துல நீல மேகம் போட்டிருந்தா அது இன்டர்நெட்ல மட்டும்தான் இருக்குதுன்னு அர்த்தம். நெட் இல்லாத நேரம் திறக்காது. பச்சை டிக் இருந்தா நம்ம கம்ப்யூட்டர்லயும் இருக்குது. கூட்டத்துக்கு முன்னாடி இதைப் பார்த்துக்கணும்.

இப்போ நம்ம கூட்டமைப்புல நடக்கிற முறையைச் சொல்றேன். நீங்களும் உங்க குழுவுல செய்யலாம்.

முதல் விஷயம், கணக்கு முகப்புல கிடக்காது. டி டிரைவ்ல கூட்டமைப்பு என்று ஒரே ஒரு பெரிய ஃபோல்டர். அதுக்குள்ள வருஷ வாரியா ஃபோல்டர். ஒவ்வொரு வருஷத்துக்குள்ளயும் அஞ்சு: தீர்மானம், வரவு செலவு, சேமிப்பு, கடன், கடிதம். நம்ம அஞ்சறைப் பெட்டி மாதிரி. இருட்டுல கை விட்டாலும் எது எங்கன்னு தெரியணும். புது ஃபோல்டர் போட கண்ட்ரோல், ஷிப்ட், என் மூணையும் சேர்த்து அழுத்தினாப் போதும்.

ரெண்டாவது, பேரு. ஃபைனல், நியூ, லாஸ்ட் எல்லாம் இனிமே கிடையாது. முதல்ல வருஷம், அப்புறம் மாசம், அப்புறம் என்னன்னு எழுதணும். 2025-11 கடன், 2025-12 கடன். இப்படி வச்சா தானாவே வரிசையா நிக்கும். நாம பழக்கமா எழுதுற மாதிரி தேதியை முன்னாடி போட்டா ஜனவரி 5-ம் டிசம்பர் 5-ம் பக்கத்துல பக்கத்துல வந்து குழப்பும். பேரு மாத்த எஃப் 2 பட்டன். தப்பா மாத்திட்டா உடனே கண்ட்ரோல், இசட்.

மூணாவது, எழுதுற ஃபைல் ஒண்ணுதான். காப்பி எடுத்தா அது "காப்பி" என்கிற தனி ஃபோல்டர்ல, தேதியோட இருக்கணும். அதுல யாரும் எழுதக் கூடாது. மாசக் கூட்டம் முடிஞ்சதும் பென் டிரைவ்ல ஒரு காப்பி. அந்தப் பென் டிரைவ் பொருளாளர் அக்கா வீட்டுல இருக்கும், ஆபீஸ்ல இருக்காது.

நாலாவது, கம்ப்யூட்டரை ரிப்பேருக்கோ, புதுசு போடவோ கொடுத்தா, கொடுக்கிறதுக்கு முன்னாடி காப்பி எடுத்து, அதைத் திறந்து பார்த்து, கடைசி மாசக் கணக்கு இருக்குதான்னு ரெண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போடணும். திரும்பி வந்ததும் அதே மாதிரி பார்க்கணும். ஃபார்மட்டா, மேல போடுறதான்னு கேட்கணும். கேட்டா ஒண்ணும் குறைஞ்சு போக மாட்டோம்.

அஞ்சாவது, கம்ப்யூட்டர்ல நிலுவைன்னு வந்தா கூட்டத்துல வாசிக்கிறதுக்கு முன்னாடி ரொக்கப் பேரேட்டோடயும் பாஸ் புத்தகத்தோடயும் ஒத்துப் பார்க்கணும். பார்த்துட்டுத்தான் வாயைத் திறக்கணும்.

அந்தக் கூட்டத்துல சில பேர், இந்தக் கம்ப்யூட்டரே வேண்டாம், கைக்கணக்கே போதும்னு சொன்னாங்க. அவங்க கோபம் நியாயம். ஆனா இப்போ குழுக் கணக்கை எல்லாம் லோக் ஓஎஸ் ஆப்ல ஏத்தச் சொல்றாங்க, பேங்க்ல கேட்கிறதும் கம்ப்யூட்டர் பட்டியல்தான். நாம ஒதுங்கினா வேற யாரோ வந்து நம்ம கணக்கை எழுதுவாங்க. அது நமக்கு வேண்டாம்.

பெரியவங்களுக்குத் தெரியும், நம்ம மாவட்டம் 2004-ல் பிரியிறதுக்கு முன்னாடி தருமபுரி மாவட்டமா இருந்துச்சு. தமிழ்நாட்டுல மகளிர் மேம்பாட்டு நிறுவனம் சுய உதவிக் குழுவை 1989-ல் முதல்ல ஆரம்பிச்சது அந்த ஒண்ணா இருந்த தருமபுரி மாவட்டத்துலதான், ஐ.நா. சபையைச் சேர்ந்த ஐ.எஃப்.ஏ.டி நிதி உதவியோட. மகளிர் திட்டம்னு மாநிலம் முழுக்க வந்தது 1997-க்கு அப்புறம். அன்னைக்குக் கையெழுத்துப் போடத் தெரியாத அம்மாக்கள் பேனா பிடிக்கக் கத்துக்கிட்டுப் பேரேடு எழுதினாங்க. அவங்களுக்குப் பேனா எவ்வளவு புதுசோ, நமக்கு இந்தப் புது விண்டோஸ் அவ்வளவு புதுசு. அவங்க பயந்துட்டு விட்டிருந்தா இன்னைக்கு நாம இந்தப் பந்தல்ல உட்கார்ந்திருக்க மாட்டோம்.

பஞ்ச சூத்திரத்தை நாம எல்லாரும் கூட்டத்துல சொல்றோம். முறையான கூட்டம், முறையான சேமிப்பு, முறையான உள்கடன், முறையான திருப்பிச் செலுத்தல், முறையான கணக்கு. கடைசியா வர்ற கணக்குதான் மத்த நாலுக்கும் சாட்சி. அந்த அக்கா ராகி டப்பாவுக்குள்ள வச்சிருந்த பாஸ் புத்தகம் இல்லைன்னா அன்னைக்கு அவங்களுக்குச் சாட்சி யாருமே இல்லை. அதனால உங்களை எல்லாம் கேட்டுக்கிறேன். பாஸ் புத்தகத்தை ஊக்குநர்கிட்டயோ என்கிட்டயோ விட்டுட்டுப் போகாதீங்க. உங்க வீட்டுலயே பத்திரமா வையுங்க. பணம் கட்டினா கையெழுத்து வாங்காம நகராதீங்க. நான் வாசிக்கிற கணக்கு தப்புன்னு தோணினா எழுந்து நின்னு சொல்லுங்க. "கம்ப்யூட்டர்ல இல்லையே"ன்னு இனிமே நான் சொல்ல மாட்டேன். "இருங்கக்கா, பார்க்கிறேன்"னுதான் சொல்லுவேன்.

மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்கிற அந்த அக்காவுக்கு நன்றி சொல்லி முடிக்கிறேன்.